சுவரில் கருநீலம்: முதலில் விளக்கைப் பாருங்கள்

பட்டுச்சேலைக் கடையில் கருநீலத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலத்தை 'எம்.எஸ். ப்ளூ' என்று பேர் சொல்லி இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். கல்யாண வீட்டில் எத்தனை நிறம் கூடியிருந்தாலும், ஜரிகைக் கரை போட்ட அந்த நீலம் தனியாகத் தெரியும். அதே குடும்பம் வீட்டுக்கு வர்ணம் பூச ஷேடு கார்டை விரித்தால் கருநீலம் இருக்கும் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறது. ஐவரி, க்ரீம், இளம்பச்சை என்று போய் நிற்கிறது. கேட்டால், "ரூம் இருட்டாயிடும்", "இருக்கிறதே சின்ன ஹால், இன்னும் சின்னதாத் தெரியும்", "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று பதில் வருகிறது.

இந்தப் பயங்களில் பாதி நியாயமானவை. கருநீலம் அடித்துப் பாழாகிப்போன ஹால்களும் உண்டு; உள்ளே நுழைந்ததும் சற்று நின்று பார்க்க வைத்த அறைகளும் உண்டு. இரண்டுக்கும் பெயின்ட் ஒன்றாகவே இருந்திருக்கலாம். வித்தியாசம் வெளிச்சத்திலும் சுவரின் ஆரோக்கியத்திலும் இருக்கிறது. அதனால்தான் கருநீலம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முன்னால், நம் வீட்டுச் சுவர்கள் இவ்வளவு காலம் ஏன் வெளிர் நிறத்திலேயே இருந்தன என்று பார்த்துவிடலாம். அதற்கு ரசனை மட்டும் காரணமில்லை, சுண்ணாம்பும் காரணம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். மஞ்சள் தட்டாமல் வெள்ளை பளிச்சென்று தெரியும். அந்த நீலப் பொடிதான் அல்ட்ராமரீன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்த, பொன்னோடு போட்டி போட்ட நிறம் அது. 1820-களில் பிரான்சில் அதைச் செயற்கையாகத் தயாரிக்க வழி கண்ட பிறகு விலை விழுந்தது, வண்ணான் துறை வரை வந்து சேர்ந்தது. சுண்ணாம்பின் காரத்தை அல்ட்ராமரீன் தாங்கும். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்யன் ப்ளூ தாங்காது; சுண்ணாம்பில் சேர்த்தால் நீலம் செத்துப் பழுப்பாகிவிடும். ஆனால் தாங்கும் அல்ட்ராமரீனையும் எவ்வளவு போட முடியும்? கரைசலே வெள்ளை என்பதால் நிறம் வானநீலத்தோடு நின்றுவிடும். இன்னும் கொட்டினால் பிடிமானம் போய், சாய்ந்தவர் சட்டையில் சுவர் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே அடர்ந்த நீலம் நம் ஊரில் ஆயில் பெயின்ட்டாகத்தான் வந்தது. அரசு ஆஸ்பத்திரித் தாழ்வாரம், பள்ளிக்கூட வகுப்பறை, போலீஸ் ஸ்டேஷன் என்று எங்கும் இடுப்பு உயரத்துக்கு டேடோ, அதற்கு மேலே வெள்ளை. கை பட்டால் அழுக்குத் தெரியக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க முடிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நின்ற நினைவுகளில் அந்தப் பளபளத்த நீலம் கலந்திருக்கிறது. வீட்டுக்குள் வேண்டாம் என்று மனசு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்றைய கருநீல எமல்ஷனின் கதை வேறு. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், உள்பூச்சு விரிசல் விட்ட ஒரு கலனுக்குள் எதிர்பாராமல் நீலம் கலந்த ஒரு கசடு படிந்தது. அதை ஆராயப் போய்க் கிடைத்ததுதான் தாலோசயனின் என்ற நிறமிக் குடும்பம். அதில் தாமிரம் சேர்ந்த நீலம் 1935-ல் சந்தைக்கு வந்தது. காரத்துக்கும் அஞ்சாது, அமிலத்துக்கும் அஞ்சாது, வெயிலில் எளிதில் வெளுக்காது. இன்று குஜராத்தில் பெருமளவில் தயாராகிறது. கடையில் இருக்கும் டின்டிங் மெஷின், டப்பாவுக்குள் இந்த நீலத்தையும் கறுப்பையும், சில ஷேடுகளுக்குத் துளி ஊதாவையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கித் தருவதுதான் கருநீலம்.

டப்பாவில் இல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை பெயின்ட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏராளமாக இருக்கும். அடியில் உள்ளதை மறைப்பது அதுதான். கருநீலத்துக்கான 'டீப் பேஸ்' டப்பாவில் அது ஏறக்குறைய இருக்காது. இருந்தால் நிறம் வெளிறிவிடும். அதனால் அடர் நிறம் என்றால் ஒரே கோட்டில் மூடிவிடும் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதல் கோட் அடித்த அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ரோலர் போன தடம் பட்டை பட்டையாகத் தெரியும். ஓரத்தில் பிரஷ்ஷால் கட்டிங் எடுத்த இடம் ஒரு நீலம், நடுவில் வேறு நீலம். பட்டி பார்த்த இடங்கள் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். இன்னும் ஈரமாக உள்ள பகுதி பால் கலந்ததுபோல் வெளிறி நிற்கும், காய்ந்த பகுதி அடர்ந்து நிற்கும்.

"என்ன மேஸ்திரி, திட்டுத் திட்டா இருக்கு?"

"காயட்டும்மா. இன்னும் ரெண்டு கோட் இருக்குல்ல."

அவர் சொல்வது சரி. இரண்டாவது கோட்டில் முக்கால்வாசி அடங்கும், மூன்றாவதில் சுவர் ஒரே உடம்பாகும். அவசரப்பட்டு இரண்டோடு நிறுத்தினால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் ஒவ்வொரு காலையும் அந்தத் திட்டுகளைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க வேண்டியிருக்கும். தெரிந்த மேஸ்திரிகள் வெள்ளை பிரைமரை அப்படியே அடிக்க மாட்டார்கள். கறுப்பு ஸ்டெய்னர் கலந்து சாம்பல் நிறமாக்கி அடிப்பார்கள். மேலே வரும் நீலம் சீக்கிரம் நிற்கும். பூசும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஈரத்தோடு ஈரம் சேர வேண்டும், பாதிச் சுவரில் டீ குடிக்கப் போகக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிச் சுவருக்கு, மூன்று கோட்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் வரை பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். மெஷின் ஒன்றானாலும் இன்றைய கலவையும் அடுத்த வாரக் கலவையும் நூலளவு மாறும். வெள்ளைச் சுவரில் அந்த நூலளவு தெரியாது, கருநீலத்தில் தெரியும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரையான அளவு. நல்ல வெள்ளை 80-ஐத் தாண்டும். கருநீலங்கள் பெரும்பாலும் 10-க்குக் கீழே. நம் வீடுகளில் ஒரு ஹாலுக்கு ஒரு டியூப் லைட் போதுமென்று இருப்பதே சுவர்களின் தயவால்தான். டியூபிலிருந்து கிளம்பும் ஒளி நான்கு வெள்ளைச் சுவரிலும் மோதித் திரும்பி மூலை முடுக்கெல்லாம் நிரப்புகிறது. ஒரு சுவரைக் கருநீலமாக்கினால் அந்தப் பக்கம் போன ஒளி திரும்பி வருவதில்லை. நான்கையும் மாற்றிவிட்டு அதே ஒற்றை டியூபை எரியவிட்டால் அறை இருட்டத்தான் செய்யும். பழி நிறத்தின் மேல் விழும்.

இதற்கு வாட்ஸ் கூடிய டியூபைப் போடுவது தீர்வல்ல. ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாகச் சின்னச் சின்ன விளக்குகள் பல வேண்டும். சோபா பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கு, படத்துக்கு மேலே ஒன்று, அலமாரிக்குள் ஒரு பட்டை, மேஜைமேல் ஒன்று. கருநீல அறையில் வெளிச்சம் அறை முழுக்கப் பரவ வேண்டியதில்லை. வேண்டிய இடத்தில் குளமாகத் தேங்கினால் போதும். அப்போது மூலைகள் இருளில் கரைந்து, சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் போகும். சின்ன அறை இன்னும் சின்னதாகிவிடும் என்ற பயம் இங்கேதான் உடைகிறது.

ஒளியின் நிறமும் முக்கியம். பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். நாம் பழக்கத்தில் வாங்குவது 6500, அந்தத் தூய வெள்ளை. அதில் நீலம் நீலமாகவே தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கும் தேக்கு, பித்தளை, மனிதர்களின் முகம் எல்லாம் வெளிறிப்போகும். 2700-க்கு இறங்கினால் பித்தளை ஜொலிக்கும், முகம் மலரும், சுவர் கறுப்பை நோக்கிச் சரியும். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் 3000, படிக்கும் அறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் 4000 என்பது என் தேர்வு. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பார்கள், 90 உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல்தான். கருநீலத்துக்கு அந்தச் செலவைச் செய்யாமல் விடுவதில் அர்த்தமில்லை.

பகல் வெளிச்சத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜன்னல் இருக்கும் சுவரிலேயே கருநீலம் அடிக்காதீர்கள். ஜன்னலின் பிரகாசத்துக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் எப்போதும் நிழலில் நிற்பதால் கறுப்பாகவே தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரியான இடம். காலையில் ஒரு நீலம், நண்பகலில் ஒரு நீலம், சாயங்காலம் வேறொரு நீலம் என்று அது நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். அந்தி சாயும்போது சிவப்புகள் மங்கி நீலங்கள் மட்டும் ஒப்பளவில் துலங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மங்கிய ஒளியில் நம் கண் நீலத்தின் பக்கம் சாய்வதே காரணம். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். ஆறரை மணிக்கு விளக்குப் போடாமல் பத்து நிமிஷம் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி சுவரின் ஆரோக்கியம். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இதுதான் பெரிய வில்லங்கம். ஓதம் ஏறும் சுவரில், உப்புத் தண்ணீரில் கட்டிய சுவரில், ஈரம் உள்ளிருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிவிடும். உப்புப் பூத்துவிட்டது என்போம். க்ரீம் சுவரில் ஆறு மாதம் கழித்துத்தான் அது கண்ணில் படும். கருநீலச் சுவரில் முதல் மழைக்கே தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, விரலால் தொட்டால் மாவாய் உதிரும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அது உரித்துக்கொண்டு வரும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், தரைத்தளத்தின் வெளிச்சுவர் இரண்டையும் நம்பவே நம்பாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டு வையுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் முதலில் பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் வேலை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. தை பிறந்து சுவர் உலர்ந்த பிறகு ஆரம்பிக்கலாம். பழைய வீட்டில் ஆயில் பெயின்ட் டேடோ இருந்தால் எமரி பேப்பரால் ஈரமில்லாமல் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஈரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மேட் பூச்சா, பளபளப்பா? பளபளப்பு எடுத்தால் பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளமும் விளக்கு வெளிச்சத்தில் அலையாய்த் தெரியும். சுத்த மேட் எடுத்தால் நிறம் ஆழமாக வரும், ஆனால் நாற்காலி உரசிய இடம் பளபளவென்று தனியாகக் காட்டிக்கொடுக்கும். குழந்தைகள் ஓடும் ஹாலுக்கு மெல்லிய ஷீன், படுக்கையறைக்கு மேட் என்று வைத்துக்கொள்ளலாம். தூசி, ஒட்டடை, பல்லி எச்சம் மூன்றும் கருநீலத்தில் தெரியும். வாரம் ஒருமுறை துடைக்க முடியாதவர்கள் யோசித்து இறங்குங்கள்.

சரி, சுவர் தயார். அதன் முன்னால் என்ன வைப்பது? இந்த இடத்தில் தமிழ் வீடுகளுக்கு உள்ள அதிர்ஷ்டம் வேறு யாருக்கும் இல்லை என்பேன். நீலத்துக்கு எதிர்த்திசை நிறம் ஆரஞ்சு. தேக்கு, பித்தளை, செம்பு, சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கற்களின் காவி எல்லாமே அந்தக் குடும்பம். பரணில் தூசி படிந்து கிடக்கும் பித்தளை அண்டாவைத் துலக்கிக் கருநீலச் சுவரோரம் வைத்துப் பாருங்கள். பொன்தாள் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தை க்ரீம் சுவரில் மாட்டினால் சட்டம்தான் தெரியும், கருநீலத்தில் மாட்டினால் கிருஷ்ணன் முன்னால் வந்து நிற்பான். பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகாத கூட்டாளி ஒன்றும் உண்டு: பளிச்சென்ற வெள்ளை பிளாஸ்டிக். சுவரின் நடுவே வெள்ளை ஸ்விட்ச் போர்டும் மேலே வெள்ளை ஏ.சி.யும் அதன் குழாயும் இருந்தால் கண் அவற்றைத் தவிர வேறெதையும் பார்க்காது. ஸ்விட்ச் தகடுகள் சாம்பலிலும் கறுப்பிலும் கிடைக்கின்றன, மாற்றிவிடுங்கள். ஏ.சி. இருக்கும் சுவரை விட்டுவிட்டு வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

அடர் நீலமும் பொன்னும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி, மயில் அறை. லண்டனில் ஃபிரெடரிக் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி தன் சாப்பாட்டு அறையைச் சீன நீல வெள்ளைப் பீங்கான்களை வைக்க அமைத்தார். தாமஸ் ஜெக்கில் வடிவமைத்த அறை. சுவரெல்லாம் பழைய தோல், கூரையிலிருந்து தொங்கும் காஸ் விளக்குகள். சில இடங்களில் நிறம் சரிசெய்ய ஓவியர் விஸ்லரை அழைத்தார்கள். லேலண்ட் ஊரில் இல்லாத சமயம், விஸ்லர் அந்த விலைமதிப்பற்ற தோல் முழுவதையும் பச்சை கலந்த ஆழ்ந்த நீலத்தால் மூடி, அதன்மேல் பொன்னில் மயில்களை வரைந்துவிட்டார். 1876-77-ல் நடந்தது இது. இரண்டாயிரம் கினி கேட்டார், லேலண்ட் ஆயிரம் பவுண்டுதான் கொடுத்தார். கோபத்தில் விஸ்லர் ஒரு சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களையும் காலடியில் சிதறிய காசுகளையும் வரைந்துவிட்டுப் போனார். 1904-ல் சார்லஸ் ஃப்ரீர் அந்த அறையையே பெயர்த்து வாங்கி அமெரிக்கா கொண்டுபோனார். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த முறை அநியாயம்தான். ஆனாலும் விளக்கொளியைப் பிடித்துத் திருப்பித் தரும் வேலையைப் பொன்னிடம் விட்டு, சுவரை ஒளி குடிக்க விட்ட அந்தக் கணக்கு அற்புதம். மயில்கழுத்துச் சேலைக்குப் பொன் ஜரிகை வைத்த நெசவாளிக்கும் இதே கணக்கு தெரிந்திருந்தது.

வெளிநாடுகளில் இந்த நிறத்துக்கு மவுசு புதிதல்ல. 1748-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்குச் சீருடையாக வந்ததால் 'நேவி' என்ற பெயர். 2020-க்கான நிறமாக ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனம் 'நேவல்' என்ற கருநீலத்தை அறிவித்தது. அந்தச் சீருடைக்குச் சாயமேற்றிய நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது என்பதும், திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிராகிறது என்பதும் நமக்கு நெருக்கமான சேதி.

வீட்டுப் பெரியவர்களின் ஆட்சேபம் வேறு மாதிரி. "அது சனீஸ்வரனுக்கு உள்ள நிறம், வீட்டுக்குள்ள எதுக்கு?" அதற்குத் திருக்கண்ணபுரத்து மூலவரைக் காட்டலாம், நீலமேகப் பெருமாள். பூஜையறையை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் வீட்டில் சமாதானம் நிலைக்கும். வெயில் சூடு இழுக்கும் என்ற கவலை வெளிச்சுவருக்குத்தான் பொருந்தும்; மேற்கு வெயில் நேரே விழும் வெளிச்சுவரில் கருநீலம் அடித்தால் வீடு கொதிக்கும். உள்சுவரில் நேர் வெயில் விழாதவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொசு உட்கார்ந்தால் தெரியாது என்பது மட்டும் உண்மை; அதற்கு ஜன்னல் வலை போடுங்கள்.

இன்னொரு நீலத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. அம்பேத்கரின் நீலக் கோட்டிலிருந்தும் இயக்கத்தின் நீலக் கொடியிலிருந்தும் எடுத்து, தமிழ்நாட்டின் எத்தனையோ தெருக்களில் வீட்டுச் சுவரை நீலமாக்கி அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஃபேஷன் பத்திரிகை எதுவும் சொல்லி அடித்ததல்ல அது. தங்கள் சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் அடித்த நிறம். உள் அலங்காரம் பற்றிப் பேசும் நாம் அந்த வீடுகளைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது பெரிய குறை.

ஒரு சுவரா, நான்குமா? பெரிய ஹாலில் ஒன்று போதும். எட்டுக்குப் பத்து அடிப் படிப்பறை, சின்னப் படுக்கையறை என்றால் துணிந்து நான்கையும் அடியுங்கள். கதவையும் சேர்த்து அடியுங்கள், கூரையை மட்டும் வெள்ளையாக விடுங்கள். சின்ன அறையில் ஒற்றைச் சுவரை மட்டும் கருநீலமாக்கினால் மீதி மூன்றோடு அது சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். எதற்கும் முதலில் சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடி அட்டையில் மூன்று கோட் அடித்து, பகலிலும் இரவிலும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். ஷேடு கார்டின் தபால்தலை அளவுச் சதுரத்தில் ஊதாச் சாயலும் பச்சைச் சாயலும் தெரியவே தெரியாது. பெரிய அட்டையில் தெரிந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைக் கழிப்பது சென்னை வழக்கம். கருநீலத்தை மறுபடி வெள்ளையாக்க பிரைமரும் இரண்டு மூன்று கோட்டும் ஆகும் என்பதால் ஓனர் இன்னும் கேட்பார். எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகை ஒன்றை வாங்கி, பிரைமர் போட்டு, மூன்று கோட் கருநீலம் அடித்து, சோபாவுக்குப் பின்னால் படுக்கை வாட்டத்தில் நிறுத்துங்கள். மேலே ஒரு படம், பக்கத்தில் ஒரு 3000 கெல்வின் விளக்கு. ஆணி இரண்டே போதும், அதுவும் சாய்ந்து விழாமல் இருக்க.